பார்லி ஒயின்: புதுப் புட்டியும் பழைய புட்டியும் (கேள்வி பதில்)

மான்செஸ்டரை ஒட்டிய மிடில்டன் ஜங்ஷனில் 1828 முதல் இயங்கிவரும் ஜே. டபிள்யூ. லீஸ் ப்ரூவரி (பீர் ஆலை), 1986 முதல் ஆண்டுக்கு ஒருமுறை ஹார்வெஸ்ட் ஏல் என்ற பார்லி ஒயினை வெளியிடுகிறது. ஆல்கஹால் 11.5%. அதில் புதுப் புட்டி ஒன்றையும், பத்து வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த இன்னொன்றையும் ஒரே மாலையில் ருசி பார்த்தேன் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: திராட்சையே கிடையாதாமே, அப்புறம் எப்படி ஒயின்?

பதில்: முழுக்க முழுக்க பீர். போதை மட்டும் ஒயின் அளவுக்கு. இந்தப் பெயர் பரவியதில் பர்ட்டன் ஆன் ட்ரென்ட் ஊரின் பாஸ் ப்ரூவரி காய்ச்சிய நம்பர் 1 ஏலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: வளர்க்காமல் சொல்லுங்கள் அண்ணா, புதுப் புட்டி எப்படி இருந்தது?

பதில்: செம்பு நிறம். நுரை கொஞ்சம் எழும்பி உடனே அடங்கிவிட்டது. ஆல்கஹால் இவ்வளவு இருந்தால் நுரை நிற்காது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மூக்கில் முதலில் டாஃபி, பின்னால் ஆரஞ்சு மார்மலேட், அடியில் காய்ந்த புல் வாசம். அந்தப் புல் வாசம் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ரக ஹாப்ஸிலிருந்து வருவது; ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ. வாயில் வைத்ததும் கனம் தெரிகிறது, நாக்கில் ஒட்டுகிற தித்திப்பு. விழுங்கிய பிறகுதான் கசப்பு வருகிறது, அதன்பின் நெஞ்சில் சூடு. முதல் கால் புட்டி அபாரம். அதற்குமேல் எனக்குத் திகட்டியது. உள்ளே எல்லாம் இருக்கிறது, ஒன்றோடொன்று இன்னும் சேரவில்லை.

கேள்வி: பழையது?

பதில்: நிறம் கருத்துப் பழுப்பாகிவிட்டது, நுரை பெயருக்குக்கூட இல்லை. வாசம் மட்டும் கிளாஸுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது: பேரீச்சை, அத்திப்பழம், உலர்ந்த திராட்சை, அவற்றுக்கு மேல் தெளிவாக ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயினின் வாசம். ஹாப்ஸ் இருந்த தடமே இல்லை. சூடும் தணிந்துவிட்டது, அதே 11.5% தான், தொண்டையைச் சுடவில்லை. ஆனால் கடைசி மிடறில் சோயா சாஸ் மாதிரி ஓர் உப்புக் கரிப்பு எட்டிப்பார்த்தது. இதைப் "பக்குவம்" என்று சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அது வயது கடந்துவிட்டதன் அடையாளம். பழசு என்பதற்காகவே தலையில் தூக்கிவைத்து ஆடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: அப்படியானால் எத்தனை வருஷம் வைக்கலாம்? மூடிய புட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

பதில்: என் கணக்கு நான்கிலிருந்து ஏழு வருஷம். அந்த வயதில் கசப்பு பாதியாவது மிச்சமிருக்கும், தித்திப்பும் அடங்கியிருக்கும். உள்ளே நடப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜனின் வேலை. நிரப்பும்போது தங்கியது கொஞ்சம், மூடி வழியாக வருஷக்கணக்கில் கசிவது கொஞ்சம். ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் சிதைந்துகொண்டே போகின்றன. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்மங்கள் ஆக்ஸிஜனேற்றமடைந்து ஷெர்ரி, உலர்பழ வாசங்கள் பிறக்கின்றன. சாதாரண லாகர் பீரில் இதே ஆக்ஸிஜன் நனைந்த அட்டைப்பெட்டி வாடையைத்தான் கொடுக்கும். இங்கே அந்த வாடை இல்லாமல் போவதில்லை, கனமான மால்ட் அதை அமுக்கி வைத்திருக்கிறது. வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் நிற்கவைத்து வையுங்கள். படுக்கவைக்க வேண்டாம், இதில் நனைய வேண்டிய கார்க் கிடையாது. சமையலறை அலமாரி கூடாது, அங்கே சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: காய்ச்சி வடிக்காமல் 11.5% எப்படி வருகிறது சார்? சர்க்கரை கொட்டுகிறார்களா?

பதில்: மால்ட்டையே அதிகம் போடுவதுதான் வழி. ஹார்வெஸ்ட் ஏலில் மாரிஸ் ஓட்டர் என்ற பார்லி ரகத்தின் மால்ட். ரவையாக உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டும்போது முதலில் வருவது கெட்டிச் சாறு, மறுபடி நீர் ஊற்ற ஊற்ற நீர்த்துப்போகும். தேங்காய்ப்பால் பிழிகிற கணக்குதான். பார்லி ஒயினுக்கு வேண்டியது முதல் பால். லண்டன் சிஸிக்கில் ஃபுல்லர்ஸ் ப்ரூவரி, ஒரே மால்ட்டில் கிடைத்த கெட்டிச் சாற்றையும் நீர்த்த சாற்றையும் வெவ்வேறு அளவில் கலந்து 8.5% கோல்டன் ப்ரைடிலிருந்து லண்டன் ப்ரைடு வரை காய்ச்சிப் பெயர் வாங்கியது. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், பிட்டர் என்ற சாதாரண பீரின் சாறு நொதிக்கும் முன் 1.040-ஐ ஒட்டி இருக்கும். பார்லி ஒயினுக்கு 1.080 முதல் 1.120 வரை போகும். மால்ட்டிலிருந்து வந்த அத்தனை சர்க்கரையையும் ஈஸ்ட்டால் தின்று முடிக்க முடியாது. மிச்சம்தான் அந்தத் தித்திப்பு.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று குடித்தேன், இருமல் மருந்து மாதிரி இருந்தது!

பதில்: குளிரில் வாசம் மடங்கிப்போய் தித்திப்பும் ஆல்கஹாலும் மட்டும் மிஞ்சும், வேறெப்படி இருக்கும்? 12–14 டிகிரி செல்சியஸ் சரி. ப்ராந்தி கிளாஸ் போல வாய் குறுகியதில் கொஞ்சமாக ஊற்றி, கையில் பிடித்து ஆற அமரக் குடியுங்கள். புட்டியின் வயதைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

கேள்வி: தாமஸ் ஹார்டிஸ் ஏல் இதைவிட உசத்தியா?

பதில்: புகழில் உசத்தி. எழுத்தாளர் தாமஸ் ஹார்டி மறைந்து 40 ஆண்டு ஆனதையொட்டி, 1968-இல் டார்செஸ்டரின் எல்ட்ரிட்ஜ் போப் ப்ரூவரி காய்ச்சியது. புட்டிக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட், 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால், 25 ஆண்டு தாங்கும் என்ற பேச்சு. 1999-இல் அவர்கள் நிறுத்திவிட, 2003-இல் டெவனின் ஓ'ஹான்லன்ஸ் ப்ரூவரி கையிலெடுத்தது. பிறகும் கை மாறியது. ஆகவே அந்தப் பெயரைக் கேட்டதும் பணத்தை நீட்டாமல் எந்த ப்ரூவரி, எந்த வருஷம் என்று பாருங்கள். ருசி ஒன்றல்ல.

கேள்வி: அமெரிக்காவின் பிக்ஃபுட் குடித்திருக்கிறேன். அதுவும் பார்லி ஒயின்தானே? கசப்பு மண்டையைப் பிளந்தது.

பதில்: ஆமாம், சியரா நெவாடா ப்ரூவரி 1983-இல் அதைக் காய்ச்சத் தொடங்கியது. அங்கே ஹாப்ஸ் முன்னால் நிற்கும், இங்கே மால்ட். அதைப் புதிதாகக் குடிப்பதே எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: சிக்கன் 65 பொருந்துமா?

பதில்: வேண்டாம். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் தூக்கிவிடும், வாய் எரியும். ஸ்டில்டன் என்ற நீலப் பூஞ்சை சீஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், அதன் உப்பு இந்தத் தித்திப்பை வெட்டும். இல்லையென்றால் வறுத்த முந்திரி போதும்.

கேள்வி: புட்டி சின்னதாக இருக்கிறதே, ஆளுக்கு இரண்டு வாங்கட்டுமா?

பதில்: 275 மிலி புட்டியில் 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மிலி சுத்த ஆல்கஹால்). பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு புட்டி வாங்குங்கள், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.