மனுவுக்கு முன் மைல்கல்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மத்திய பட்ஜெட்டில் சாலைக்கு லட்சம் கோடிக் கணக்கில் ஒதுக்குகிறார்கள். எங்கள் ஊர்ச் சாலைக்கு மட்டும் ஏன் பணம் வருவதில்லை? (வாசகர், பாலக்கோடு)

அது உங்கள் ஊர்ச் சாலைக்கான பணமே இல்லை. 2025-26-ல் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒதுக்கிய சுமார் 2.87 லட்சம் கோடி ரூபாயில் பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலைகளுக்கே போகிறது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அதற்கு அதே பட்ஜெட்டில் 19,000 கோடி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் 844-ம் எண் சாலை முதல் கணக்கில் வரும். அதிலிருந்து உங்கள் ஊருக்குப் பிரியும் சாலை வராது.

மனு எழுதும் முன் மைல்கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, 1033-க்கு அழைக்கலாம். பச்சை மாநில நெடுஞ்சாலை. நீலமோ கறுப்போ மாவட்டச் சாலை. இவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. ‘நம்ம சாலை’ செயலியில் பள்ளத்தைப் படமெடுத்துப் போடுங்கள். ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். கல்லே இல்லையா? ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைக் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் சாலை மனு ‘எங்கள் துறை அல்ல’ என்று திரும்பி வருவது பெரும்பாலும் இந்த ஒரு விவரம் இல்லாததால்தான்.

கேள்வி: கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட தார்ச்சாலை இரண்டே வருடத்தில் பெயர்ந்துவிட்டது. யாரைக் கேட்பது? (வாசகி, பர்கூர்)

போட்ட ஒப்பந்ததாரரைத்தான். சாலை முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் பராமரிப்பு அவர் பொறுப்பு. சாலையின் தொடக்கத்தில் உள்ள பலகையில் பணி முடிந்த தேதியும் பராமரிப்புக் காலமும் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பலகையையும் பள்ளத்தையும் படமெடுத்து, ‘மேரி சடக்’ செயலியில் புகார் போடுங்கள். தேதி இல்லாத புகாரை எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.

ஏன் பெயர்ந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். புகாரில் அது பலம். இந்தச் சாலைகளில் மேல் தார் வழக்கமாக 20 மில்லிமீட்டர்தான். பாரத்தைத் தாங்குவது கீழே உள்ள ஜல்லிப் படுகை. அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் தார் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 5 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். குறுக்கே ஒரு நூலைப் பிடித்தால் தெரிந்துவிடும். ஓரத்து மண் தார் மட்டத்தைவிட மேடாக இருந்தால் மழைநீர் வடியாது. பக்கக் கால்வாயை யாராவது வீட்டு வாசலுக்காக மூடியிருந்தாலும் இதே கதைதான்.

உங்கள் பக்கம் கிரானைட் லாரிகள் வேறு. சாலையின் ஆயுளைக் கணக்கிடும் அடிப்படை அச்சுப் பாரம், அதாவது சக்கரங்களை இணைக்கும் ஒரு அச்சு சாலையில் இறக்கும் எடை, 8.16 டன். 2018-ல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்குச் சட்டப்படியான வரம்பே 11.5 டன்னாக உயர்ந்தது. சேதம் பாரத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், சட்டத்துக்கு உட்பட்ட அந்த ஒரு அச்சே நாலு அடிப்படை அச்சுகளின் வேலையைச் செய்துவிடும். அதற்கு மேல் 20 சதவீதம் ஏற்றினால் அது இன்னும் இரு மடங்கு. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக டன்னுக்கு 2,000. லாரி எண், நேரம், குவாரி வழித்தடம் ஆகியவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தனி மனு கொடுங்கள்.

இன்னொன்று: இப்போது கட்டுமானச் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்கின்றன. பராமரிப்புச் செலவோ முழுக்க மாநிலத்தின் தலையில். தேசிய அளவில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான் என்பேன். ஆனால் ரிப்பன் வெட்டப் புதுச்சாலைதானே வேண்டும்!

கேள்வி: பெட்ரோலில் சாலை செஸ், டோல்கேட்டில் கட்டணம். இரண்டு முறை வாங்குவது நியாயமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

செஸ் என்பது குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி. அது 2000-ம் ஆண்டுச் சட்டப்படியான மத்திய சாலை நிதிக்குப் போகிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு சாலை தவிர்த்த கட்டமைப்புகளுக்கும் அதைச் செலவிடலாம். செஸ் என்பதால் மாநிலங்களுக்கு வரிப் பங்கும் கிடையாது. எனக்கு அதில்தான் மனத்தாங்கல். சுங்கம் அந்தந்தச் சாலைப் பகுதிக்கானது. ஆண்டுதோறும் 3 சதவீதமும் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் சேர்த்துக் கூட்டுவார்கள்.

வீடு டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்தால், சொந்தக் காருக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. அது அந்த ஒரு கேட்டில் மட்டுமே செல்லும். சேலம், ஓசூர் என்று அடிக்கடி போகிறவருக்கு ஆண்டுப் பாஸ் நல்லது: 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது, ஓராண்டு அல்லது 200 கடப்புகள், எது முந்துகிறதோ அதுவரை. ஃபாஸ்டேக் சேஸிஸ் எண்ணில் மட்டும் பதிவாகியிருந்தால் இது கிடைக்காது. முதலில் வண்டிப் பதிவெண்ணைச் சேருங்கள். வாடகை வண்டிக்கும் லாரிக்கும் இல்லை.

கேள்வி: மலைக் கிராமத்துக்குச் சாலை கேட்டால் ‘வன நிலம்’ என்று முடித்துவிடுகிறார்கள். வழி உண்டா? (வாசகர், பென்னாகரம்)

உண்டு. தேர்தலுக்குக் கழுதை மேல் வாக்கு இயந்திரம் ஏறிய கோட்டூர் மலை உங்கள் பக்கம்தானே! 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி, அரசு நிர்வகிக்கும் சாலைக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை மாவட்ட வன அலுவலரே அனுமதிக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபைத் தீர்மானம் கட்டாயம். பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்து கோப்பு திரும்புவது சாதாரணம். விண்ணப்பத்தைச் சாலை போடும் துறைதான், இங்கே ஊராட்சி ஒன்றியம், வனச்சரகரிடம் கொடுக்க வேண்டும்.

அளவைக் கவனியுங்கள். 6 மீட்டர் அகலத்துக்கு ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 1,660 மீட்டர் நீளம்தான் வரும். வன நிலத்தில் அதைவிட நீளம் வேண்டுமானால், 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பித்து மத்திய அனுமதி பெற வேண்டும். ஆகவே ஏற்கெனவே உள்ள மண்பாதையை முதலில் அளந்து, வருவாய் நிலம் எவ்வளவு, வன நிலம் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வன நிலப் பகுதி சில நூறு மீட்டராகவே முடிந்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்டால் ‘போக்குவரத்து போதாது’ என்கிறார்களே? (வாசகர், மாரண்டஹள்ளி)

ரயில் எண்ணிக்கையை வாகன அலகுகளால் (கேட்டைக் கடக்கும் வண்டிகளை வகைவாரியாக மதிப்பிட்ட எண்ணிக்கை) பெருக்கி, நாளொன்றுக்கு ஒரு லட்சம் வந்தால்தான் ரயில்வே பாதிச் செலவை ஏற்கும். 20 ரயில் ஓடினால் 5,000 வாகன அலகுகள் வேண்டும். ஒற்றைப் பாதையில் அது கஷ்டம். சுரங்கப்பாதை தருவார்கள், ஒப்புக்கொள்ளும் முன் தண்ணீர் எந்த ஓடைக்கு வடியும் என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். ‘மோட்டார் வைத்து இறைப்போம்’ என்று பதில் வந்தால், அந்த மோட்டாருக்கு மின்கட்டணம் யார் கட்டுவார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.