நோர்வேயில் கத்தோலிக்கப் பங்கில் சேர்வது பற்றி

பேர்கனுக்குக் குடும்பத்தோடு புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தமிழ்ப் பூசைக்கு மட்டும் போனால் போதுமா, அல்லது இங்கத்தைய பங்கிலும் பதிய வேண்டுமா? பதிந்தால் சம்பளத்தில் வரி வெட்டுவார்களா? மூத்த பிள்ளைக்கு எட்டு வயது, முதல் நன்மைக்கு என்ன செய்வது?"

தம்பி, வரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் கத்தோலிக்கருக்குக் கோயில் வரி கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் சொந்தக்காரர் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 வீதம் பிடிக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். அது அங்கத்தைய சட்டம். இங்கே பதிவதற்குக் கட்டணமும் இல்லை, பதிவதால் உங்கள் வரி ஒரு குரோணர்கூட ஏறாது. பதிவு செய்த ஒவ்வொரு உறுப்பினருக்கும் அரசு ஆண்டுதோறும் ஒரு தொகையை மதச் சமூகத்துக்குக் கொடுக்கிறது. உங்கள் குடும்பத்தில் நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கும் அந்தத் தொகை வரும். பதியாமல் பூசைக்கு மட்டும் வந்துபோனால் அந்தத் தொகை வராது. ஆனால் குருவானவரின் செலவும், குளிர்காலத்தில் கோயிலைச் சூடாக்கும் செலவும், மறைக்கல்விப் புத்தகச் செலவும் உங்களுக்கும் சேர்த்தே ஆகின்றன.

ஆகவே பதியுங்கள், அதுவும் நீங்களே கையெழுத்து வைத்துப் பதியுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒஸ்லோ மறைமாவட்டம் வெளிநாட்டுப் பெயர்களைப் பார்த்து, ஆட்களைக் கேட்காமலே உறுப்பினராகச் சேர்த்தது என்ற விடயம் 2014, 2015 வாக்கில் வெளியே வந்தது. அரசு ஏறக்குறைய 40 மில்லியன் குரோணரைத் திருப்பிக் கேட்டது. அதனால் "பூசைக்குப் போகிறேன், என் பெயர் இருக்கும்தானே" என்று நினைத்திருக்காதீர்கள். பங்கு அலுவலகத்தில் படிவம் கேளுங்கள், இணையத்திலும் நிரப்பலாம். 11 இலக்க அரச அடையாள எண், அதாவது பெர்சன் நம்பர், கட்டாயம் தேவை. இன்னும் தற்காலிக டி-நம்பர்தான் கையில் இருக்கிறது என்றால், வதிவிடப் பதிவு முடிந்ததும் படிவத்தைக் கொடுங்கள். நாட்டில் வசிப்பவராகப் பதிந்தவர்களையே அரசு கணக்கில் எடுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மதச் சமூகங்களில் பெயர் இருக்கக்கூடாது. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் பதியலாம். 15 ஆனதும் சேர்வதும் விலகுவதும் பிள்ளையின் முடிவு.

இந்தப் பங்குகள் ஏன் இப்படி உறுப்பினர் எண்ணிக்கையை நம்பி நிற்கின்றன என்று விளங்க வேண்டுமானால் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். இங்கே 1537-இல் லூத்தரன் சீர்திருத்தம் வந்தபோது கடைசிப் பேராயர் ஊலாவ் எங்கெல்பிரெக்த்சொன் நாட்டைவிட்டு ஓடினார். கோயில்களும் நிலங்களும் அரசன் கைக்குப் போயின. 1624 முதல் கத்தோலிக்கக் குரு நாட்டுக்குள் வந்தால் மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. 1843-இல் தலைநகரில் புனித ஊலாவ் பங்குக்கு அனுமதி கிடைத்தது. 1845-இன் சட்டம் மற்றக் கிறிஸ்தவ சபைகளுக்கும் வழி திறந்தது. அப்படியும் துறவற சபைகளுக்கு 1897 வரை தடை, இயேசு சபையினருக்கு 1956 வரை தடை. பேர்கனில் நீங்கள் போகப்போகும் புனித பவுல் கோயில் 1876-இல் கட்டியது. அந்தக் காலத்தில் சாதாரண நோர்வேஜியர் கத்தோலிக்கரைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் ஆஸ்பத்திரி நடத்திய கன்னியர்கள் மூலமாகத்தான். பழைய சொத்து எதுவும் கைக்குத் திரும்பாமல், கொஞ்சப் பேரோடு தொடங்கிய சபை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் சில ஆயிரம் பேர்தான். பிறகு வியட்நாமியர், சிலி நாட்டவர், எங்கள் ஆட்கள், 2004-க்குப் பின் போலந்துக்காரர் என்று வந்து சேர்ந்ததில் இன்று உறுப்பினர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய 3 வீதம்.

எங்கள் வரவுக்கும் பழைய வேர் உண்டு. யாழ்ப்பாணத்து அன்ரனி இராசேந்திரம் 1956-இலேயே மீன்பிடித் தொழில் படிக்க நோர்வே வந்தார். அறுபதுகளில் யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடி அபிவிருத்தித் திட்டம் அவரால் உருவானது. அந்தத் தொடர்பு வழியாகவே பின்னால் பல இளைஞர் இங்கத்தைய மக்கள் உயர்பள்ளிகளுக்கு (பரீட்சை இல்லாத விடுதிப் பள்ளிகள்) படிக்க வந்தார்கள். பிறகு வடக்கே மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள்.

இனித் தமிழ்ப் பூசை. அதற்குக் கட்டாயம் போங்கள். பிள்ளை தமிழில் மன்றாட்டுச் சொல்வதும், ஓகஸ்டில் மடு மாதா திருநாளுக்கு நிற்பதும் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் அது தனிப் பங்கு அல்ல. தமிழருக்குப் பொறுப்பான குருவானவர் ஊர் ஊராகப் போகிறவர். ஒரே கோயிலை நோர்வேஜியரும் போலந்துக்காரரும் பிலிப்பினோக்களும் வியட்நாமியரும் முறை வைத்துப் பாவிப்பதால் தமிழ்ப் பூசைக்குப் பெரும்பாலும் பின்னேரம்தான் இடம் கிடைக்கும். ஞானஸ்நானப் பதிவு, முதல் நன்மை, உறுதிப்பூசுதல், கலியாணம் எல்லாம் நீங்கள் வசிக்கும் பங்கின் ஏட்டில்தான் ஏறும்.

நிறையக் குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தமிழ் வகுப்பில் பிள்ளை படிக்கிறது என்று நம்பியிருந்துவிட்டு, தை மாதத்தில் வந்து "மே மாதம் முதல் நன்மை கொடுங்கோ" என்று கேட்பார்கள். நடக்காது. பங்கின் மறைக்கல்வி பள்ளிக்கூட ஆண்டோடு ஓகஸ்ட், செப்டெம்பரில் தொடங்கும். வகுப்பு நோர்வேஜிய மொழியில். முதல் நன்மை பொதுவாக மூன்றாம் வகுப்பு வயதில், வசந்த காலத்தில் கொடுப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு எட்டு வயது என்றால் இந்த வருஷமே பெயர் கொடுங்கள், ஞானஸ்நானச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். மொழி இன்னும் வரவில்லையே என்று ஒரு வருஷம் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை பெற்றோரைவிட வேகமாகப் பிடித்துவிடும், அந்த வகுப்பில் கிடைக்கும் சிநேகிதமும் உதவும்.

உறுதிப்பூசுதலில் இன்னொரு நெருக்கடி இருக்கிறது. இங்கே 14, 15 வயதில் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் லூத்தரன் கோயிலிலோ, மதம் சாராத முறையிலோ கொன்ஃபிர்மசூன் (நோர்வேஜியரின் உறுதிப்பூசுதல் சடங்கு) எடுத்துப் பெரிய விருந்து வைப்பார்கள். உங்கள் பிள்ளைக்கும் ஆசை வரும். கத்தோலிக்க ஆயத்தம் அதைவிட நீளம், திகதியும் வேறாக இருக்கும். ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே இதைப் பிள்ளையோடு கதைத்து வையுங்கள்.

சான்றிதழ் விடயத்தில் கவனம். ஊரில் எடுத்த பழைய தாள் முதல் நன்மைக்குப் போதும், கலியாணத்துக்குப் போதாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதி கேட்பார்கள். ஏனென்றால் உறுதிப்பூசுதலும் திருமணமும் ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படுகின்றன, அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முன்பு மணமானவரா என்று அறிவார்கள். ஊர்ப் பங்குத்தந்தைக்கு எழுதும்போது ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் மூன்றையும் கொடுங்கள். எங்கள் ஆட்களுக்கு வரும் தலையிடி பெயர்தான்: ஏட்டில் அந்தோனிப்பிள்ளை, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், இங்கே அது குடும்பப் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று பங்குத்தந்தையின் கடிதம் ஒன்றையும் சேர்த்து எடுங்கள். போரில் ஏடு அழிந்திருந்தாலும் கலங்க வேண்டாம். ஞானஸ்நானத்தைக் கண்ட நம்பகமான ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைத் திருச்சபைச் சட்டம் ஏற்கிறது.

கலியாணம் பேசுகிறவர்களுக்கு: இங்கே குருவானவர் வைக்கும் திருமணமே சட்டப்படியும் செல்லும். ஆனால் அதற்கு முன் வரித் திணைக்களத்திடம் ப்ரோவிங்ஸ்அத்தெஸ்த் என்ற, மணம் முடிக்கச் சட்டத் தடை இல்லை என்ற சான்று எடுக்க வேண்டும், அது நான்கு மாதமே செல்லுபடியாகும். மண்டபம் பிடித்த கையோடு அதை எடுத்துவிட்டுக் கலியாணத்துக்கு முன் காலாவதியாக விடுகிறவர்கள் உண்டு. ஊரில் ஏற்கனவே எழுத்து முடித்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அப்போது நடைமுறையே வேறு.

காணிக்கையைத் தட்டில் போடலாம், விப்ஸ் என்ற கைபேசிப் பணச் செயலியிலும் அனுப்பலாம். பெர்சன் நம்பரைப் பங்குக்குக் கொடுத்து, வருஷத்தில் குறைந்தது 500 குரோணர் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரிக் கழிவு கிடைக்கும்.

பூசை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். கீழே கோப்பி குடிக்கும் அந்த அரை மணித்தியாலம்தான் பங்கு மக்கள் ஆளுக்காள் அறிமுகமாகும் நேரம். மண்டபம் துப்புரவாக்க, பனி வழிக்க டுக்னாட் (எல்லாரும் கூடிச் செய்யும் சிரமதானம்) என்று கூப்பிட்டால் குடும்பமாகப் போங்கள். திருநாளுக்கு மண்டபம் கேட்கப் போகும்போது முகம் தெரிந்தவராக இருப்பீர்கள். மறைக்கல்வி கற்பிக்க விருப்பம் என்றால், சிறுவரோடு வேலை செய்வதற்கான பொலிஸ் சான்று தேவை. அதற்குப் பங்கிடமிருந்து நோக்கக் கடிதம் வாங்கித்தான் விண்ணப்பிக்க முடியும், ஆகவே ஓகஸ்டுக்கு முன்பே தொடங்குங்கள். திருநாளில் மாதா கூட்டைத் தெருவில் கொண்டுபோவதாக இருந்தால் பொலிஸுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

வேலை மாறி வடக்கே போனால் இந்தப் பதிவு இன்னும் முக்கியம். ஹம்மர்ஃபெஸ்ட் போன்ற பங்குகளின் எல்லை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். பல ஊர்களில் குருவானவர் இடையிடையே வந்து, லூத்தரன் கோயிலை இரவல் வாங்கித்தான் பூசை வைப்பார். எந்த ஊரில் எத்தனை கத்தோலிக்கக் குடும்பம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிவது பங்குப் பட்டியலைப் பார்த்துத்தான். முகவரி மாறிய வாரமே பங்கு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.