படிக்க மட்டுமான தரவும் கெர்னல் பாதுகாப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டிரைவரில் ஃபங்ஷன் பாயின்டர்கள் (ஃபங்ஷன்களின் முகவரிகள்) அடங்கிய ஸ்ட்ரக்சரை கான்ஸ்ட் (மாற்றக்கூடாதது) என்று அறிவிக்கும்படி மறுஆய்வில் வலியுறுத்துகிறார்கள். கம்பைலர் பிழை காட்டுவதைத் தவிர, இதனால் உண்மையான பாதுகாப்பு உண்டா?

பதில்: உண்டு. குளோபலாகவோ ஸ்டாட்டிக்காகவோ உள்ள கான்ஸ்ட் தரவை லிங்கர் ரோடேட்டா (படிக்க மட்டுமான தரவு) பகுதியில் சேர்க்கிறது. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட் ஆகி முடியும் தறுவாயில், அப்பகுதியின் நினைவகப் பக்கங்களை, அவற்றின் அனுமதிகளைக் குறிக்கும் பக்க அட்டவணையிலேயே படிக்க மட்டுமானவையாக மாற்றிவிடுகிறது. அதன்பின் கெர்னலே அங்கு எழுத முயன்றாலும் பேஜ் ஃபால்ட் (பிராசசர் எழுப்பும் அணுகல் பிழை) எழும்; எக்ஸ்86 பிராசசரில் சிஆர்0 ரெஜிஸ்டரின் டபிள்யூபி (எழுதுவதைத் தடுக்கும்) பிட் இதற்குக் காவல். நினைவகப் பிழை ஒன்றைப் பயன்படுத்தி, ஃபைல் ஆபரேஷன்ஸ் அட்டவணையில் (அத்தகைய ஸ்ட்ரக்சர்களில் ஒன்று) உள்ள முகவரியை மாற்றிக் கெர்னலைத் தன் விருப்பத்துக்கு இயக்கும் தாக்குதல் வழி இதனால் அடைபடுகிறது.

ஆனால் அட்டவணையைப் பூட்டுவதால் அதைச் சுட்டும் பாயின்டரும் பூட்டப்பட்டுவிடாது. திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிய ஸ்ட்ரக்சரில் இருக்கும் எஃப்-ஆப் பாயின்டர் எழுதத்தக்க ஹீப்பில்தான் (இயங்கும்போது ஒதுக்கப்படும் நினைவகம்) கிடக்கிறது. அதைப் போலி அட்டவணை ஒன்றின் பக்கம் திருப்பிவிட்டால், அசல் அட்டவணை எவ்வளவு பத்திரமாக இருந்தும் பயனில்லை. ஸ்ட்ரிங் பட்டியல்களிலும் இந்தக் கவனக்குறைவை அடிக்கடி காண்கிறேன். நட்சத்திரக் குறிக்கு முன்னால் மட்டும் கான்ஸ்ட் எழுதினால் எழுத்துகள்தான் காக்கப்படும். குறிக்குப் பின்னும் ஒரு கான்ஸ்ட் இருந்தால்தான் பட்டியலில் உள்ள பாயின்டர்களும் ரோடேட்டாவுக்குப் போகும்.

கேள்வி: பூட் கட்டளை வரியிலிருந்து ஒருமுறை மதிப்பைப் பெற்று, பிறகு ஒருபோதும் மாறாத மாறிகளை என்ன செய்வது?

பதில்: இவற்றுக்காகவே ஆர்ஓ-ஆஃப்டர்-இனிட் என்ற குறி 2016இல் லினக்ஸ் 4.6 பதிப்பில் வந்தது. இந்த எண்ணம் பாக்ஸ், ஜிஆர்செக்யூரிட்டி என்ற கெர்னல் பாதுகாப்பு பேட்ச்களில் முன்பே வேரூன்றியது. இனிட் (தொடக்க) கட்டத்தில் தாராளமாக எழுதலாம். அது முடிந்ததும் ரோடேட்டாவுடன் சேர்த்து இதுவும் பூட்டப்படும். குறியை இடுமுன், அந்த மாறியில் எழுதும் வரிகள் அனைத்தையும் கிரெப் (உரைத் தேடல்) செய்து, ஒவ்வொன்றும் இனிட் ஃபங்ஷனுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சிபியு ஹாட்பிளக்கின்போதோ (இயங்கும்போதே சிபியுவைச் சேர்ப்பது, நீக்குவது), சஸ்பெண்டிலிருந்து மீளும்போதோ மதிப்பைத் திரும்ப எழுதும் ஒரு வரி விடுபட்டால், பூட் சோதனை எல்லாம் தேறிய பிறகு பயனரின் கணினியில்தான் ஊப்ஸ் (கெர்னல் பிழை அறிக்கை) வரும்.

கேள்வி: கே-மேலாக் (கெர்னலின் நினைவக ஒதுக்கி) மூலம் பெற்ற ஆப்ஜெக்டை கான்ஸ்ட் பாயின்டரில் வைத்துக்கொண்டால் காப்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, அது கம்பைலருக்குச் சொல்லும் வாக்குறுதி மட்டுமே. வன்பொருள் காப்பு பக்க அளவில்தான் இயங்கும், எக்ஸ்86இல் குறைந்தது 4096 பைட். ஸ்லாபின் (கே-மேலாக் ஆப்ஜெக்டுகளை அடுக்கும் நினைவகத் தொகுதி) ஒரே பக்கத்தில் வேறு பல ஆப்ஜெக்டுகளும் குடியிருப்பதால் ஒன்றை மட்டும் பூட்ட இயலாது. தனிப் பக்கங்களை ஒதுக்கி, நிரப்பி முடித்தபின் அவற்றைப் படிக்க மட்டுமாக்கும் செட்-மெமரி-ஆர்ஓ அழைக்கலாம்; பிபிஎஃப் நிரல்களை (கெர்னலுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்கள்) கெர்னல் இதை ஒத்த முறையில் காக்கிறது. அதே பிசிகல் பக்கத்துக்கு நேரடி மேப்பில் (கெர்னல் பிசிகல் நினைவகத்தைக் காணும் முகவரிப் பரப்பு) எழுதத்தக்க மறுமுகவரி எஞ்சியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்; ஆர்ம்64 பிராசசர்களில் ரோடேட்டா என்ற பூட் அளவுருவில் இதற்கும் வழி உள்ளது. அடிக்கடி உருவாகி அழியும் தரவுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிஎல்பியை (பக்க அட்டவணைப் பதிவுகளின் கேஷ்) காலி செய்ய நேரும்.

கேள்வி: காப்பு உண்மையில் செயல்படுகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: சோதனைக் கணினியில் எல்கேடிடிஎம் (வேண்டுமென்றே பிழைகளைத் தூண்டும் சோதனை) மாட்யூலை ஏற்றி, டீபக்-எஃப்எஸ்ஸில் (கெர்னலின் டீபக் ஃபைல் சிஸ்டம்) அது காட்டும் ஃபைலில் ரைட்-ஆர்ஓ, ரைட்-ஆர்ஓ-ஆஃப்டர்-இனிட் என்ற சோதனைப் பெயர்களை எழுதுங்கள். இரண்டுக்கும் ஊப்ஸ் வந்தால் காப்பு இயங்குகிறது. வராவிட்டால் முதலில் பூட் கட்டளை வரியைப் பாருங்கள்: டீபக் வேலைக்காக யாரோ சேர்த்த ரோடேட்டா=ஆஃப் அங்கே அப்படியே விட்டுப்போயிருக்கலாம்.