ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு நாள் டூர் போதுமா?

கேள்வி: சம்மர்ல ஆஸ்திரியா போறோம், சால்ஸ்பர்க்ல தங்குறோம். அங்க ஏரிக்கரையில இருக்குற ஹால்ஸ்டாட் ஊருக்கு கைடு டூர் புக் பண்ணலாமா, இல்ல நாமளே ரயில்ல போயிடலாமா? கூட மாமியாரும் வர்றாங்க.
- வாசகி, திருச்சி

பதில்: மாமியார் வர்றாங்கன்னா டூர் பஸ்ஸே பெட்டர்ங்க. ரயில்ல போனா ஸ்டேஷன் ஏரிக்கு அந்தப் பக்கம், இறங்கி போட் புடிச்சுதான் ஊருக்குள்ள வரணும், ஆனா அந்த போட்லேருந்து தெரியுற வியூவுக்கே காசு குடுக்கலாம், அது வேற விஷயம். புக் பண்றதுக்கு முன்னாடி ஊருக்குள்ள எவ்ளோ நேரம் விடுறாங்கன்னு கேளுங்க, ரெண்டு மணி நேரம்னா போட்டோ எடுக்கத்தான் சரியா இருக்கும். உப்புச் சுரங்கம் பாக்கணும்னா அதுக்கே அரை நாள் போயிடும், உள்ள 8 டிகிரிதான், ஸ்வெட்டர் மஸ்ட். சுரங்கத்துக்கு மேல ஏத்தி விடுற மலை ரயில் ஓடுதான்னும் செக் பண்ணிக்குங்க.

சர்ச்சுக்குப் பின்னாடி எலும்பு வீட்டை விட்டுடாதீங்க. இடுகாட்டுல இடமில்லாம பழைய குழிய தோண்டி எடுத்த மண்டையோடுங்க, 1,200க்கு மேல, பாதிக்கு நெத்தியில பேரு, பூ, இலைன்னு பெயின்ட் பண்ணி அடுக்கியிருக்காங்க. மாமியார்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.