பரதநாட்டிய வகுப்பில் திருநங்கைகளும் பால்புதுமையரும் (குயர், அதாவது பாலினத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வரையறைக்குள் வராதவர்கள்) கூச்சமில்லாமல் கற்றுக்கொள்ள ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி ஆசிரியர்களைப் பார்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது. திருச்சியில் வீட்டு மாடியில் 22 வருடமாக வகுப்பு நடத்துகிறேன், நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வருகிறார்கள். அதனால் நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2009இல் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தது. முழங்காலை மடக்கி அரைமண்டி உட்கார்ந்தால் கடைசி ஜதி வரை இம்மி உயராது. கை போகிற இடத்துக்குக் கண் போகணும் என்று மற்றவர்களுக்கு நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பேன், இந்தப் பிள்ளைக்கு அது தானாகவே வந்தது. இப்போது 'அவள்' என்றே எழுதுகிறேன். அன்றைக்குப் பதிவேட்டில் பையன், நானும் 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன்.

தினமும் திருத்துவேன். "பையன் மாதிரி நில்லு." "கழுத்தை அப்படி வெட்டாதே." "இடுப்பு ஏன் இப்படிப் போகுது?" எல்லார் முன்னாலும் சொல்வேன், மற்ற பிள்ளைகள் சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்யாமல் இருக்க இது உதவும் என்று உண்மையாகவே நம்பினேன். ஆண்டு விழாவில் கிருஷ்ணர், முருகர் என்று ஆண் வேடமாகவே கொடுத்தேன். ஒரு தடவை, "டீச்சர், நான் சகியா வரட்டுமா?" என்று கேட்டாள். சகி என்றால் நாயகியின் தோழி, பெண் வேடம். முடியாது என்றேன். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். படிப்பு அதிகம் என்று அவள் அம்மா சொன்னார், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

2019இல் ஒரு சாயங்காலம் புடவை கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். அந்த வருடம் ஜனவரியில்தான் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ அறிவித்திருந்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். "நாட்டடவு எல்லாம் இன்னும் மறக்கல டீச்சர், மறுபடியும் ஆரம்பிக்கலாமா?" என்றாள். என்னிடம் எந்தக் கணக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். நிகழ்ச்சியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள்தான் ஆடுகிறார். ஒரு வரியில் நாயகி, அடுத்த வரியில் சகி, கதையை விரித்துக் காட்டும் சஞ்சாரியில் வேலோடு முருகன், நடுவில் மன்மதனாக அம்பு விடவும் வேண்டும். அப்போது பெண் பிள்ளையிடம், "சிவன் இப்படியா நிற்பார்? ஆம்பளை மாதிரி நெஞ்சை நிமிர்த்து" என்கிறோம். யாரும் பயப்படுவதில்லை. அது அந்தப் பாத்திரத்துக்கான திருத்தம். நான் அவளைத் திருத்தியது தட்டடவில், நாட்டடவில், அதாவது வெறும் கை கால் அசைவுப் பயிற்சியில். அங்கே ஏது பாத்திரம்? தட்டடவு போடுகிறவர் சிவனுமில்லை, பார்வதியுமில்லை. அங்கே போய் 'பையன் மாதிரி' என்று சொன்னேன் என்றால், நான் திருத்தப் பார்த்தது அடவை இல்லை, பிள்ளையை. இப்போது எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் விதி இதுதான்: ஆண், பெண் என்ற சொல் என் வாயில் வந்தால், எந்தப் பாத்திரம் என்று அதே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியவில்லையா, கால் எங்கே போகணும், தோள் எவ்வளவு இறங்கணும் என்று மட்டும் சொல்வேன். நம்புங்கள், இது பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற பலர் உடனே புராணத்துக்குப் போவார்கள். எனக்கும் அது பிடிக்கும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடி ஆடல், ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் ஆடியது. விராட நாட்டில் உத்தரைக்கு நடனம் சொல்லிக்கொடுத்தது பிருகன்னளை, பேடி உருவில் இருந்த அர்ஜுனன். எங்கள் ஊர் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில்தான் வருவார். அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இதையெல்லாம் வகுப்பில் சொல்கிறேன், பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். ஆனால் சிலப்பதிகாரத்தைக் காட்டி ஒரு திருநங்கைக்கு வாடகை வீடு வாங்கிவிட முடியாது. காமன் ஆடியதற்குப் பெயராக இருந்த அதே சொல்லைத்தான் இன்றைக்கு வசவாக வைத்திருக்கிறோம்.

ஆண்கள் பெண் வேடம் கட்டிய மரபையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் என்றாலே முகம் சுளித்த காலத்தில், வக்கீலாக இருந்த ஈ. கிருஷ்ணையர் தானே பெண் வேடம் போட்டு மேடையேறி ஆடிக் காட்டினார். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பெண் பாத்திரங்களை ஆண்கள்தான் ஏற்கிறார்கள். குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவின் சத்தியபாமாவுக்கு மயங்காதவர் இல்லை. பெரிய கலைஞர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அரிதாரத்தைத் துடைத்ததும் அவர்கள் ஆணாக வீட்டுக்குப் போனார்கள், அதனால் ஊருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. துடைத்த பிறகும் பெண்ணாகவே இருப்பவள் வரும்போதுதான் நமக்கு இடிக்கிறது. அதுவும் போக, அந்த மேடைகளில் சில பெண்களுக்கே இடம் தராதவை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள், அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறி மரியாதை பெற்ற அதே காலத்தில் மேடையை விட்டு விலக்கப்பட்டார்கள். இந்தக் கலையிலிருந்து ஆட்களை வெளியேற்றியது நமக்குப் புதிது இல்லை.

சரி, நர்த்தகிக்கு வருகிறேன். அவர் மதுரைக்காரர். தோழி சக்தியோடு தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனார். பரதநாட்டிய நிகழ்ச்சி முறையை வகுத்த தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்தவர், வைஜயந்திமாலாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர். எவ்வளவு பெரிய இடம் பாருங்கள். அந்த மனிதர் அவரைச் சேர்த்துக்கொண்டு, நர்த்தகி என்று பெயரும் வைத்தார். பல வருடம் கூடவே வைத்துக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருநங்கை என்ற சொல்லே புழக்கத்துக்கு வரவில்லை, திருநங்கையர் நல வாரியம் இல்லை, மூன்றாம் பாலினத்தை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை. ஒரு ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் நான் 'டேய்' என்று கூப்பிட்டது காதில் விழும்.

அதனால் வகுப்பில் நான் முதலில் மாற்றியது பெயர் விஷயம். என்ன பெயரில் கூப்பிடணும் என்று சேரும்போதே தனியாகக் கேட்டுவிடுகிறேன். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன், ஒருவரை மட்டும் கேட்டால் அதுவே அடையாளம் காட்டினதுபோல ஆகிவிடும். படிவத்தில் இருந்த ஆண்/பெண் கட்டத்தை எடுத்துவிட்டேன். அதை வைத்து இத்தனை வருடம் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றுமே இல்லை. அழைப்பிதழில் அந்தப் பெயர்தான் போகும். தேர்வுச் சான்றிதழில் மட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரைத்தான் போடுவார்கள், அதில் என் கை கட்டுப்பட்டிருக்கிறது. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று வாங்கி ஆவணங்களை மாற்றலாம். வயது வந்த மாணவி என்றால் அதற்குக் கூடப் போய் நிற்பதையும் என் வேலையாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மேக்கப் அறை. மேடையை விட அங்கேதான் அதிகம் காயப்படுகிறார்கள். ஒரு பெரிய ஹால், நடுவில் ஒரு திரை, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். திரும்பி வந்த என் திருநங்கை மாணவி எங்கே போவாள்? முதல் நிகழ்ச்சிக்கு அவள் வீட்டிலேயே முழு அலங்காரமும் முடித்து, சவுரியும் ராக்கொடியும் சலங்கையுமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்கவில்லை, பாத்ரூம் போக வேண்டி வந்துவிடும் என்று. இப்போது துணியும் கம்பியும் வைத்து எல்லாருக்குமே தனித்தனித் தடுப்பு அடித்துவிடுகிறோம். செலவு பெரிதில்லை. வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள்தான் முதலில் சந்தோஷப்பட்டார்கள். மேக்கப் போடுகிறவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவேன், முகத்தில் தாடி நிழலைப் பார்த்துவிட்டுக் கமெண்ட் அடித்தால் அடுத்த தடவை கூப்பிட மாட்டேன் என்று.

உடை என்றதும் இன்னொரு மாணவி நினைவுக்கு வருகிறாள். திருநங்கைகளைப் பற்றியாவது பேசுகிறோம், பெண் உடையே ஒட்டாத இவளைப் போன்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பதினேழு வயது, அருமையான தாளக்கட்டு. விசிறி மடிப்பு வைத்த உடையைப் போட்டாலே முகம் செத்துவிடும். சலங்கை பூஜைக்கு முன்னால், "பசங்க போடுற மாதிரி வேட்டி கட்டு, மேலே ஜிப்பா மாதிரி ஏதாவது, முடியாதா டீச்சர்?" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லாமல் நானாக ஒரு பெயர் ஒட்டக் கூடாது. உடை மாறினால் அடவு மாறுமா? மாறாது. அவள் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். பட்டுப் புடவையில் தைத்த உடையில்தான் ஆடினாள், நன்றாகவும் ஆடினாள். அடுத்த மாதம் வகுப்புக்கு வரவில்லை. இதற்கு என்னிடம் தீர்வு எதுவும் இல்லை.

பெற்றோர் விஷயம்தான் கஷ்டம். "டான்ஸ் கத்துக்கிட்டதாலதான் இப்படி ஆயிட்டான்" என்பதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். இதற்குப் பயந்தே ஆண் நடனக் கலைஞர்கள் சிலர், நாங்கள் தாண்டவம் ஆடுகிறோம், கம்பீரமாக ஆடுகிறோம் என்று அழுத்தி அழுத்திச் சொல்வார்கள். அது, பாவம், நளினமாக ஆடுகிற பையனை இன்னும் தனியாக்குகிறது. பெற்றோரிடம் நான் சொல்வது: என்னிடம் 22 வருடத்தில் நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகள் சிவனாக ஆடியிருக்கிறார்கள், ஒருத்தியும் அதனால் ஆணாகவில்லை. சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தத் திருநங்கை மாணவி திரும்பி வந்த 2019இல் நான்கு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மாத ஃபீஸில் அது எனக்குப் பெரிய தொகை, பொய் சொல்ல மாட்டேன்.

ஃபீஸ் என்றதும், இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லிப் பயனில்லை. அரங்கேற்றம் என்றால் பக்கவாத்தியம், மண்டபம், உடை, சாப்பாடு என்று லட்சக்கணக்கில் போகிறது. அந்தச் செலவை அப்பா அம்மா செய்வார்கள் என்று வைத்துக்கொண்டு கட்டப்பட்ட வழக்கம் இது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒருத்திக்கு அது எப்படிப் பொருந்தும்? எங்கள் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து, பதிவு செய்த பாட்டுக்கு, கோயில் நவராத்திரி மேடையில் அரங்கேற்றம் செய்ய விட்டேன். எனக்கு வேண்டிய சில ஆசிரியர்களே இதெல்லாம் அரங்கேற்றமா என்று கேட்டார்கள்.

அப்புறம், கதவைத் திறந்துவிட்டோம் என்ற பெருமையில் நாம் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. திருநங்கை என்றதும் எல்லாருக்கும் அர்த்தநாரீஸ்வரர்தான் தோன்றும். ஏப்ரல் 15 திருநங்கையர் நாளுக்குக் கூப்பிடுவார்கள், அர்த்தநாரீஸ்வரர் ஆடச் சொல்வார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், அடுத்த ஏப்ரல் வரை மறந்துவிடுவார்கள். நானே அவள் திரும்பி வந்த சில மாதத்தில் அதைத்தான் எடுத்து நீட்டினேன். "வேணாம் டீச்சர். எனக்கு அலாரிப்பு ஆடணும். அதுல நான் யாருன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். கதையும் பாத்திரமும் இல்லாத தொடக்க ஆட்டமான அலாரிப்பை நான் அதுவரை குழந்தைகள் மேடை பழகுவதற்கான உருப்படியாகத்தான் நினைத்திருந்தேன்.

தற்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட இதேதான். தற்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு வழக்கில், அது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வழக்கின் பெயரிலேயே இருக்கும் நவ்தேஜ் சிங் ஜோஹர் சென்னையின் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் படித்த பரதநாட்டியக் கலைஞர். நம் துறைக்காரர் ஒருவர் நாட்டின் சட்டத்தையே அசைத்திருக்கிறார், நம் வகுப்புகளில் அவர் பெயரைச் சொல்வதில்லை. காதலைப் பாடும் பதம் சொல்லிக்கொடுக்கும்போது, "உன் வருங்காலப் புருஷனை நினைச்சுக்கோ" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்கிற வழக்கம் எனக்கு இருந்தது. இப்போது "உனக்குப் பிடிச்சவங்க வரலை, மணி ஒன்பது ஆயிடுச்சு" என்று சொல்கிறேன். யாரை நினைக்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. முகத்தில் ஏக்கம் முன்பை விட நன்றாகவே வருகிறது.

மேடையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். போன முறை ஒரு விழாக் குழுவினர் என் திருநங்கை மாணவியின் படத்தைப் பார்த்துவிட்டு, நிகழ்ச்சி வரிசையில் அவளைக் கடைசிக்குத் தள்ளினார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. "பரவாயில்ல டீச்சர்" என்று அவளே சொன்னாள்.

இப்போது சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் தட்டும் தட்டுக்கழி பிடித்து அடவு சொல்லிக்கொடுப்பது அவள்தான். பிள்ளைகளுக்கு அவள் வெறும் அக்கா, அதுவும் என்னை விடக் கண்டிப்பான அக்கா. ஒரே ஒரு அம்மா மட்டும் மகளை விட்டுவிட்டுப் போகாமல், வகுப்பு முடிகிற வரை ஒரு மணி நேரம் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் போய்க் காபி கொடுத்துவிட்டு வருகிறேன்.