விக்டோரியாவுக்குத் தடித்த கோட்டு வேண்டுமா?

கேள்வி: டொராண்டோ ஸ்காபரோவில் பனிப்புயலால் வாசற்படியே தெரியவில்லை. கனடாவின் மேற்குக் கரையில், விக்டோரியாவில் இருக்கும் தங்கை, தோட்டத்துப் பூக்களைப் படமெடுத்து அனுப்பி, பிப்ரவரியில் அம்மாவோடு வந்துவிடச் சொல்கிறாள். அம்மாவுக்கு 70 வயது. தடித்த கோட்டுகளை இங்கேயே விட்டுவிடலாமா? அம்மாவால் அங்கே வெளியே நடமாட முடியுமா?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். தடித்த கோட்டை விட்டுவிடலாம். மழைக்கோட்டை மட்டும் மறக்காதீர்கள். அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம்.

விக்டோரியா டொராண்டோவைவிட வடக்கே இருக்கிறது. இருந்தும் பிப்ரவரிப் பகலில் அங்கே 8 டிகிரி அளவுக்கு இருப்பதற்குக் காரணம் கடல். பசிபிக் பெருங்கடல் நிலத்தைப் போல் சட்டென்று குளிர்ந்துவிடாது. மேற்குக் காற்று அதன் வெதுவெதுப்பைக் கரைக்குக் கொண்டுவருகிறது. ஆர்க்டிக் குளிரைக் கிழக்கே உள்ள மலைத்தொடர்கள் பெரும்பாலும் மறித்துவிடுகின்றன. தெற்கே அமெரிக்க எல்லைக்குள் இருக்கும் ஒலிம்பிக் மலைகள் மழையிலும் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்வதால், வான்கூவரில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான் விக்டோரியா நகரில் பெய்கிறது.

ஆனால் 6 டிகிரியில் தூறலும் கடற்காற்றும் சேர்ந்தால் குளிர் எலும்பு வரை ஏறும். பருத்தி உள்ளாடை நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். அம்மாவுக்கு மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே தலைமூடி வைத்த மழைக்கோட்டு என்று அடுக்கிப் போடுங்கள். நீர் புகாத, பிடிப்புள்ள காலணி அவசியம். கடலோரத்தில் குடையை நம்ப வேண்டாம், காற்று மடக்கிவிடும்.

முந்தைய இரவு வானம் தெளிந்திருந்தால், காலையில் நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கலாம். அம்மாவைப் பதினொரு மணிக்குமேல் அழைத்துச் செல்லுங்கள். பீக்கன் ஹில் பூங்கா அவருக்கு நிச்சயம் பிடிக்கும். அங்கே மயில்கள் உலவுகின்றன. பூத்த புதர்களருகே சற்று நின்று பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து கிராம் எடையுள்ள அன்னா ஹம்மிங்பேர்ட் என்ற குட்டிப் பறவை குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போவதில்லை. மங்கலாகத் தெரியும் ஆண் பறவை, தலையைத் திருப்பும் கணத்தில் கழுத்தெல்லாம் ரோஜா நிறத்தில் மின்னும். குளிர்காலத்தின் கடைசியில் பூக்களை எண்ணிக் கணக்குக் கொடுக்கும் வழக்கம்கூட இந்த ஊருக்கு உண்டு, 1976-இல் தொடங்கியது.

எப்போதாவது மலை இடுக்குகள் வழியாக ஆர்க்டிக் காற்று இறங்கிவிடும். 1996 டிசம்பர் இறுதியில் அப்படி வந்த பனிப்புயலில் விக்டோரியா முடங்கிப்போனது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு கனடா சுற்றுச்சூழல் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் கடுங்குளிர் வருமென்று சொல்லியிருந்தால் மட்டும் தடித்த கோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தில் எனக்குள்ள கவலை டொராண்டோ விமான நிலையத்தைப் பற்றித்தான். புயல் நாளில் விமானம் ரத்தாகலாம். அம்மாவின் மருந்துகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கைப்பையிலேயே வையுங்கள்.