பாதி சர்வர் ரூமில், பாதி அஸ்யூரில்: அட்மின்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சர்வர்களில் பாதியை அலுவலகத்திலும் மீதியை மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸ்யூரிலும் (இந்தக் கலவைக்குத்தான் ஹைப்ரிட் என்று பெயர்) வைத்திருக்கும் நிறுவனங்களின் அட்மின்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். கேட்டவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் சர்வர் பார்ப்பவர்கள், அதனால் பதில்களும் அதையொட்டியே இருக்கும்.

கேள்வி: பதினைந்து வருடமாக விண்டோஸ் சர்வர் பார்க்கிறேன். ஆக்டிவ் டைரக்டரி (சுருக்கமாக ஏடி, பயனர்களையும் கம்ப்யூட்டர்களையும் நிர்வகிக்கும் அமைப்பு), டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை), குரூப் பாலிசி எல்லாம் அத்துப்படி. கிளவுடுக்குப் போனால் இதெல்லாம் வீண்தானா மேடம்?

வீணே இல்லை சார். ஹைப்ரிட் சூழலில் வரும் சிக்கல்களில் நான் அதிகம் பார்ப்பது டிஎன்எஸ், அடையாளம், நேரம் இந்த மூன்றில்தான். அஸ்யூரின் நிர்வாக இணையப் பக்கமான போர்ட்டலை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் திணறுவதும் அங்கேதான்.

ஒரு உதாரணம். அஸ்யூரில் புது விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்) போடுகிறீர்கள். விபிஎன் இருக்கிறது, பிங் போகிறது, ஆனால் டொமைனில் சேர மாட்டேன் என்கிறது. போர்ட்டல் மட்டும் தெரிந்தவர் ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார். ஏடியை நடத்தும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரைக் கண்டுபிடிக்க விண்டோஸ் முதலில் டிஎன்எஸ்ஸில், ஒரு சேவை எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஆர்வி பதிவைத்தான் தேடும் என்று தெரிந்த நீங்கள் நேராக அங்கே போவீர்கள். அந்த விர்ச்சுவல் நெட்வொர்க் அஸ்யூரின் சொந்த டிஎன்எஸ்ஸை, அதாவது 168.63.129.16-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் உள் டொமைனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நெட்வொர்க்கின் டிஎன்எஸ் அமைப்பில் உங்கள் டொமைன் கண்ட்ரோலரின் ஐபியைக் கொடுத்து, விஎம்மை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்களும் உண்டு. டொமைன் கண்ட்ரோலருக்கு நிலையான ஐபியை விண்டோஸுக்குள் போடுவது நமக்கு ஊறிப்போன வேலை. அஸ்யூரில் அதை நெட்வொர்க் கார்டின் அமைப்பில் போட வேண்டும், விண்டோஸுக்குள் டிஹெச்சிபியிலேயே (ஐபியைத் தானாக வாங்கும் முறை) விட வேண்டும். ஏடி டேட்டாபேஸையும், குரூப் பாலிசிக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டரையும் தனி டேட்டா டிஸ்க்கில் வைத்து, அந்த டிஸ்க்கின் ஹோஸ்ட் கேஷிங்கை 'நன்' (None, அதாவது வேண்டாம்) என்று விடுங்கள். அப்புறம், அஸ்யூரில் ஓடும் டொமைன் கண்ட்ரோலரைப் போர்ட்டலில் இருந்து நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் விஎம்மின் ஜெனரேஷன் ஐடி மாறும். ஏடி அதைப் பார்த்து, தன்னைப் பழைய ஸ்னாப்ஷாட்டில் இருந்து மீட்டெடுத்ததாக எடுத்துக்கொள்ளும், புதுக் கணக்குகளுக்குக் கொடுக்க வைத்திருக்கும் எண்களின் தொகுப்பை, அதாவது ரிட் பூலைத் தூக்கி எறியும். ரீஸ்டார்ட் வேண்டுமென்றால் விண்டோஸுக்குள் போய்ச் செய்யுங்கள்.

கேள்வி: எம்சிஎஸ்ஏ சான்றிதழ் வைத்திருக்கிறேன். இன்னும் செல்லுமா?

எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ இரண்டையும் மைக்ரோசாஃப்ட் 31 ஜனவரி 2021-லேயே நிறுத்திவிட்டது. ரெஸ்யூமேயில் இருந்தால் தப்பில்லை, அதை மட்டும் நம்பி இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

இந்த வேலைக்கு நேராகப் பொருந்துவது விண்டோஸ் சர்வர் ஹைப்ரிட் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழ். ஏஇசட்-800, ஏஇசட்-801 என்று இரண்டு தேர்வு. முதலாவதில் ஏடி, ஹைப்ரிட் அடையாளம், ஹைப்பர்-வி (விஎம் ஓட்டும் விண்டோஸ் வசதி), நெட்வொர்க், ஸ்டோரேஜ். இரண்டாவதில் பாதுகாப்பு, ஃபெயிலோவர் கிளஸ்டர், பேரிடர் மீட்பு, மைக்ரேஷன், கண்காணிப்பு. ஒவ்வொன்றிலும் 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். சான்றிதழ் ஒரு வருடம் செல்லும், புதுப்பிப்பது ஆன்லைனில் இலவசம். தேர்வுகளை அவர்கள் அடிக்கடி மாற்றுவதும் திரும்பப் பெறுவதும் உண்டு, அதனால் பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்து பாஸ் ஆனவரை இன்டர்வியூவில் இரண்டு கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பணத்தைப் பயிற்சி லேபுக்குப் போடுங்கள்.

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பது 16 ஜிபி ராம் லேப்டாப் ஒன்றுதான். கம்பெனியில் அஸ்யூரைத் தொட விடமாட்டார்கள். எப்படிப் பழகுவது?

தாராளமாகப் போதும் தம்பி. விண்டோஸ் புரோ இருந்தால் ஹைப்பர்-வி அதிலேயே உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பை 180 நாள் இலவசமாக ஓட்டலாம். ஒரு டொமைன் கண்ட்ரோலர், ஒரு மெம்பர் சர்வர், அதுவும் ஸ்கிரீன் இல்லாத சர்வர் கோர். அந்தக் கோர் சர்வரை விண்டோஸ் அட்மின் சென்டர் (பிரவுசரில் நிர்வகிக்கும் கருவி) வழியாகவும் பவர்ஷெல் (கட்டளை எழுதி நிர்வகிக்கும் கருவி) வழியாகவும் மட்டுமே நிர்வகியுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து கிளிக் செய்யும் பழக்கம் அதில்தான் விடும்.

அஸ்யூரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால் 30 நாளுக்கு 200 டாலர் கிரெடிட் கிடைக்கும். அது கரைகிற விதத்தைப் புரிந்துகொள்வதே ஒரு பாடம். விஎம்முக்குள் ஷட் டவுன் கொடுத்தால் மீட்டர் நிற்காது, போர்ட்டலில் 'டீஅலோகேட்டட்' (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்று காட்டினால்தான் கம்ப்யூட் கட்டணம் நிற்கும். (டொமைன் கண்ட்ரோலருக்கு மேலே சொன்னது நிஜ வேலைக்கு. லேபில் நிறுத்திப் பார்த்து என்ன ஆகிறது என்று ஈவென்ட் லாகில் படியுங்கள், நல்ல பயிற்சி.) டீஅலோகேட் செய்தாலும் டிஸ்க்குக்குக் காசு போகும். விபிஎன் கேட்வே ஒரு பாக்கெட்கூடப் போகாவிட்டாலும் மணிக்கணக்கில் பில் போடும். பட்ஜெட் அலர்ட் உங்களுக்கு மெயில் அனுப்புமே தவிர எதையும் நிறுத்தாது. அன்றன்றைக்குப் போட்டதை ஒரே ரிசோர்ஸ் குரூப்பில் (அஸ்யூரில் போட்டவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) வைத்து, இரவு அதை மொத்தமாக அழித்துவிடுங்கள். மறுநாள் ஸ்கிரிப்ட் வைத்துத் திரும்பக் கட்டுங்கள்.

கேள்வி: என்ட்ரா கனெக்ட் (அலுவலக ஏடி கணக்குகளைக் கிளவுடோடு ஒத்திசைக்கும் கருவி) போட்டிருக்கிறோம். ஏடியில் மாற்றினால் கிளவுடில் உடனே தெரிவதில்லை. இன்னொரு பயம், எங்கள் பாஸ்வேர்ட் எல்லாம் மைக்ரோசாஃப்டுக்குப் போகிறதா? எங்களிடம் 300 பேர்.

சிங்க் சாதாரணமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். பாஸ்வேர்ட் மாற்றம் மட்டும் தனி வழியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போகும். அவசரமென்றால் பவர்ஷெல்லில் டெல்டா சிங்க் (மாறியதை மட்டும் அனுப்புவது) கொடுக்கலாம். பாஸ்வேர்ட் அப்படியே போவதில்லை. ஏடியில் இருக்கும் ஹேஷை (பாஸ்வேர்டில் இருந்து உருவாக்கிய, நேராகத் திருப்ப முடியாத குறியீடு) எடுத்து, சால்ட் (தற்செயலான கூடுதல் தரவு) சேர்த்து 1000 சுற்று மறுபடி ஹேஷ் செய்து, அதைத்தான் அனுப்புகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், 300 பேர் என்றதால். ஓயூ (ஏடியில் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) ஃபில்டரில் தெரியாமல் ஒரு டிக்கை எடுத்துவிட்டால், அந்த ஓயூவில் உள்ள எல்லோரையும் கிளவுடில் அழிக்கச் சொன்னதாகச் சிங்க் எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க ஒரு காவல் உண்டு. ஒரே சமயத்தில் அழிக்க வேண்டியவை வரம்பைத் தாண்டினால் ஏற்றுமதியை, அதாவது கிளவுடுக்கு அனுப்புவதை, நிறுத்திவிடும். அந்த வரம்பு இயல்பாக 500. உங்கள் மொத்த ஆட்களே 300 என்றால் அந்தக் காவல் ஒருபோதும் விழிக்காது! முழு நிறுவனமும் அழிந்தாலும் அது 500-க்குக் கீழேதான். இன்றைக்கே அதை 20 அல்லது 30 என்று குறையுங்கள். அழிந்த கணக்குகள் 30 நாள் மீட்கும் நிலையில் இருக்கும் என்பது ஆறுதல்தான், ஆனால் அதுவரை யாருக்கும் மெயில் ஓடாது. ஃபில்டரை மாற்றும் முன் ஸ்டேஜிங் மோடில் (கிளவுடுக்கு எதையும் அனுப்பாத சோதனை நிலை) ஒரு சர்வர் வைத்து, என்ன ஏற்றுமதியாகும் என்று பார்த்துவிட்டு மாற்றுவதுதான் முறை.

கேள்வி: மருத்துவமனையில் இரண்டு விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 சர்வர்கள். லேப் மென்பொருள்காரர் அப்கிரேடுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அஸ்யூர் ஆர்க் (அலுவலகச் சர்வரையும் அஸ்யூர் போர்ட்டலில் இருந்து நிர்வகிக்க உதவும் சேவை) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

2012-க்கும் 2012 ஆர்2-க்கும் ஆதரவு 10 அக்டோபர் 2023-ல் முடிந்துவிட்டது. ஆர்க் வழியாகக் காசு கட்டிப் பாதுகாப்பு அப்டேட் வாங்கலாம், அதுவும் 13 அக்டோபர் 2026 வரைதான். மென்பொருள்காரரிடம் இந்தத் தேதியை எழுத்தில் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். 2016 வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் நாள் 12 ஜனவரி 2027.

ஆர்க் ஏஜென்டுக்கு வெளியே போகும் 443 போர்ட் போதும், உள்ளே எதையும் திறக்க வேண்டாம். ஆனால் போர்ட்டலில் அந்தச் சர்வர் மேல் கான்ட்ரிபியூட்டர் (மாற்றங்கள் செய்யும்) அனுமதி உள்ள ஒருவர், எக்ஸ்டென்ஷன் (ஏஜென்டோடு சேரும் துணை மென்பொருள்) வழியாக அந்த இயந்திரத்தில் முழு உரிமையோடு ஸ்கிரிப்ட் ஓட்டலாம். டொமைன் கண்ட்ரோலரில் ஆர்க் போட்டால், அஸ்யூரில் கான்ட்ரிபியூட்டராக இருக்கும் புதுப் பையனும் நடைமுறையில் உங்கள் டொமைன் அட்மின்தான். டொமைன் கண்ட்ரோலர்களைத் தனி ரிசோர்ஸ் குரூப்பில் வைத்து அனுமதியை இறுக்குங்கள், ஏஜென்டிலேயே எந்த எக்ஸ்டென்ஷன் ஓடலாம் என்ற பட்டியலையும் போடுங்கள்.

கேள்வி: கிளைகளுக்கு அஸ்யூர் ஃபைல் சிங்க் (கிளைச் சர்வரின் கோப்புகளை அஸ்யூரோடு ஒத்திசைக்கும் சேவை) நல்லதா?

நல்லது. கிளவுட் டியரிங் (அதிகம் தொடாத கோப்புகளைக் கிளவுடில் மட்டும் வைத்து, இங்கே அடையாளம் மட்டும் விடும் வசதி) போட்டிருந்தால் ஆன்டிவைரஸும் பேக்கப்பும் ஆஃப்லைன் கோப்புகளைத் தாண்டிப் போகின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரே இரவில் எல்லாக் கோப்பையும் கிளவுடில் இருந்து இழுத்து டிஸ்க்கை நிரப்பிவிடும். எண்ட்பாயின்டை (சிங்க் ஆகும் சர்வர் ஃபோல்டரின் இணைப்பு) நீக்கும் முன் கோப்புகளைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "ஏடி மூன்று சர்வரில் இருக்கிறது, ஒன்று அஸ்யூரில். தனியாக பேக்கப் எதற்கு?" என்று மேலதிகாரி கேட்கிறார்.

அவருக்கு மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதையைச் சொல்லுங்கள். ஜூன் 2017-ல் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது, அவர்களிடம் உலகெங்கும் 150 போல டொமைன் கண்ட்ரோலர்கள், ஒன்றுக்கொன்று பிரதி. ஒன்று போனால் இன்னொன்று என்ற நம்பிக்கை. எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. மிஞ்சியது கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்றே ஒன்று. அங்கே மின்வெட்டு, அதனால் அது நெட்வொர்க்கில் இல்லை. அதை இங்கிலாந்துக்கு அனுப்ப இணைய வேகம் போதவில்லை, அங்கிருந்தவர்களுக்கு இங்கிலாந்து விசாவும் இல்லை. ஒருவர் நைஜீரியா வரை கொண்டுவந்து இன்னொருவர் கையில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, அது லண்டனுக்கு விமானத்தில் போனது.

ரெப்ளிகேஷன் நல்லதைப் போலவே கெட்டதையும் பரப்பும். அதனால் இரண்டு டொமைன் கண்ட்ரோலரிலாவது சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுங்கள், அதில் ஒரு பிரதி டொமைன் அட்மின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். டூம்ஸ்டோன் ஆயுள் (அழித்ததன் குறிப்பை ஏடி வைத்திருக்கும் காலம்) இயல்பாக 180 நாள், அதைவிடப் பழைய ஏடி பேக்கப் உதவாது. மார்ஸ் ஏஜென்ட் (அஸ்யூர் பேக்கப்பின் மென்பொருள்) வைத்து அஸ்யூருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், நிறுவும்போது கேட்கும் பாஸ்ஃப்ரேஸை அதே சர்வரில் டெக்ஸ்ட் ஃபைலாக வைக்காதீர்கள். அது தொலைந்தால் மைக்ரோசாஃப்டாலும் அந்த பேக்கப்பைத் திறக்க முடியாது.

கேள்வி: என் குழுவில் நான்கு பேர். ஐந்து நாள் கோர்ஸுக்கு அனுப்பினால் தேறிவிடுவார்களா?

ஐந்து நாளில் பெயர்கள் பழகும், கை பழகாது. கோர்ஸுக்கு அனுப்புங்கள், ஆனால் திரும்பி வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிஜப் பொறுப்பு கொடுங்கள். ஒருவருக்கு ஃபைல் சர்வர் மாற்றம், ஒருவருக்கு பேட்ச், ஒருவருக்கு பேக்கப், ஒருவருக்கு அடையாளம். மூன்று மாதத்தில் சுற்றி மாற்றுங்கள். ஒருவர் எழுதிய மீட்புக் குறிப்பை வைத்து இன்னொருவர் லேபில் மீட்டுக் காட்ட வேண்டும், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. குறிப்பில் எங்கே ஓட்டை என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு பயிற்சியைக் கட்டாயம் செய்யுங்கள். 19 ஜூலை 2024 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் நின்றன. பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்ட இயந்திரங்களைச் சரிசெய்ய ரெகவரி கீ தேவைப்பட்டது. உங்கள் கீ எல்லாம் ஏடியில் இருந்து, அந்த ஏடி சர்வரும் நீலத்திரையில் நின்றால் எங்கிருந்து எடுப்பீர்கள்? இதைக் குழுவிடம் கேட்டு, பதிலை வாயால் சொல்ல விடாமல் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அஸ்யூருக்குச் சென்னை ரீஜனா (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி), புனேயா?

சென்னை என்பது சவுத் இந்தியா ரீஜன், புனே சென்ட்ரல் இந்தியா. அவெய்லபிலிட்டி சோன் (ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும்படி பிரித்து வைத்த டேட்டா சென்டர்கள்) இருப்பது புனேயில்தான், சேவைகளும் அங்கே அதிகம். இரண்டும் மைக்ரோசாஃப்ட் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும் ஜோடி ரீஜன்கள். முக்கியமான விஎம்களைப் புனேயில் வைத்து, பேரிடர் மீட்புப் பிரதியைச் சென்னையில் வையுங்கள்.